கிணற்றுக்கட்டில் வைத்த வாளி

அன்று கிணற்றடியில் இருந்தவர்கள் ஐந்து பேர். அம்மா, அத்தான், தங்கச்சி, நான், ஐயா. ஐயா, எங்கள் அப்பா, மட்டும் கிணற்றுக்குள்ளே, இருபத்தைந்து அடிக்குக் கீழே, முழங்கால் அளவு சேற்றில் நின்றார். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஒருத்தி அக்கா, அத்தானின் மனைவி. வயிற்றோட்டம் கண்ட தன் ஒன்றரை வயதுக் குழந்தையோடு நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மற்றவர் எங்கள் பகுதிச் சுகாதாரப் பரிசோதகர். கிணற்றுக்குக் குளோரின் போடுவதை வியாழக்கிழமை தானே வந்து பக்கத்தில் நின்று செய்விக்கிறேன் என்று சொல்லியிருந்தார். நாங்கள் செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிட்டோம். குழந்தையைப் புதன்கிழமை வீட்டுக்கு விடுவார்கள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். பிள்ளை திரும்பி வந்து அதே தண்ணீரைக் குடிக்கக்கூடாது என்று அம்மா பிடிவாதமாக நின்றாள்.

உரும்பிராயில் எங்களுடையது வெங்காயத் தோட்டக் குடும்பம். பரம்பரையில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். உயர்தரத்தில் இரசாயனமும் படித்தேன். அந்த வருட மழைக்கு எங்கள் ஒழுங்கைத் தெருவில் மலக்குழிகள் நிரம்பி வழிந்தன. வீட்டுக்கு வீடு வாந்தியும் வயிற்றோட்டமும் என்று ஆனபோது, சுகாதாரப் பரிசோதகர் சைக்கிளில் வந்து கிணறுகளை எட்டிப் பார்த்தார். குளோரின் தூள் அவரிடம் கொஞ்சம்தான் இருந்தது. எங்கள் வீட்டில் குழந்தைக்கு வயிற்று வருத்தம் என்பதால் ஒரு பொட்டலம் தந்தார். எப்படிப் போடுவது என்று அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன்.

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு தூள். அதை ஒருபோதும் மாற்றிச் செய்யக்கூடாது. தூளில் வேறெந்த மருந்தும் உரமும் படக்கூடாது. கரைப்பதைக் கிணற்றுக்கு அப்பால், வெளியான இடத்தில், காற்று முதுகில் படும்படி நின்று கரைக்க வேண்டும். கிணற்றுக்குள் ஆள் இறங்கி நிற்கும்போது தூளைத் திறக்கவே கூடாது. இந்தக் கடைசி வரியின் கீழ் நான் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

பரிசோதகர் வந்துபோன அன்று பின்னேரமே அதை ஐயாவுக்கு வாசித்தும் காட்டினேன். அவர் சுருட்டைப் புகைத்தபடி, "ம்" என்றார். பிறகு, "பொட்டலத்தைத் தா. நான் பத்திரமாய் வைக்கிறன்" என்று வாங்கிக்கொண்டு கொட்டிலுக்குள் போனார்.

அவர் கொட்டிலுக்குள் என்ன செய்தார் என்பதை நான் பின்னால்தான் அறிந்தேன். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது வடக்குக்கு உரம் வருவதைத் தடைசெய்திருந்த காலம். யூரியாவிலிருந்து வெடிமருந்து செய்யலாம் என்பதால் ஒரு கைப்பிடி வைத்திருந்தாலும் கேள்வி வரும். கேட்பவர்கள் யார் என்பது காலத்துக்குக் காலம் மாறியது, கேள்வி மாறவில்லை. தடைக்கு முன்னர் வாங்கியதில் ஐந்தாறு கிலோவை ஐயா மிச்சம் பிடித்து, அடுத்த வெங்காயத்துக்கென்று ஒளித்து வைத்திருந்தார். ஒரு பழைய பிஸ்கற் தகரத்தின் அடியில் அதைக் கொட்டி, மேலே ஒரு தினசரித் தாளை விரித்து, தாளின் மேல் குளோரின் தூளைப் பரப்பி மூடிவிட்டார். யாராவது தேடி வந்து மூடியைத் திறந்தால் மூக்கை எரிக்கிற மணம் அடிக்கும், ஒருத்தரும் கை விட்டுக் கிளற மாட்டார்கள். நல்ல யோசனைதான். எவருக்கும் அவர் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துத் தோட்டத்து இறைப்பு மிசினை இரவல் வாங்கி வந்தோம். மண்ணெண்ணெய்க்கு அத்தான் எங்கெங்கோ அலைந்து மூன்று போத்தல் கொண்டுவந்திருந்தார். மிசின் ஓடினால் வானத்தில் விமானம் வருகிற சத்தம் கேட்காது. அதனால் தங்கச்சியின் வேலை மாமரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது. கழுத்து நோகுது என்று அவள் முறைப்பட்டாள்.

"நோகட்டும். கழுத்து இருந்தாத்தானே நோகும்" என்றார் அத்தான்.

தண்ணீர் வற்றியதும் மிசினை நிறுத்தினோம். கிணற்றுச் சுவரில் கால் வைக்கவென்று விட்ட பொந்துகளில் மிதித்து ஐயா இறங்கினார். நான் இறங்கட்டுமா என்று கேட்டதற்கு, "உனக்கு உதெல்லாம் பழக்கமில்லை" என்று சொல்லிவிட்டார். அத்தானைப் பார்த்தார். அத்தான் தன் வயிற்றைத் தடவிக்கொண்டு, "மாமா, நான் இறங்கினால் கிணத்தை வெட்டித்தான் எடுக்கோணும்" என்றார். இறங்கும்போது ஐயா தலையை மட்டும் கட்டுக்கு மேலே நீட்டி என்னிடம் சொன்னார்:

"கொட்டிலிலை தூள் கிடக்கிற தகரத்தை நீ எடுக்காதை. நான் ஏறி வந்து அள்ளித் தாறன்."

நான் ஓம் என்றேன். தன் கையால் தொட்ட எதையும் அடுத்தவர் தொட விடாத மனிதர் அவர், மண்வெட்டியைக்கூட. அப்படி ஒரு சொல்லாகத்தான் அதை எடுத்துக்கொண்டேன்.

ஐயா சேற்றை வாளியில் அள்ளி நிரப்ப, அத்தான் கப்பியில் இழுத்துக் கொட்டினார். அந்த நேரத்தில் நான் கொப்பியைத் திறந்து வைத்துக் கிணற்றின் கனவளவைக் கணித்தேன். எட்டடி விட்டம், ஊறி வந்தால் ஆறடி தண்ணீர். அத்தான் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், கிணத்துக்கு முடிவு என்ன? பாஸோ பெயிலோ?"

"எட்டுச் சுண்டு தூள்" என்றேன். பால்பேணி ஒன்று நிறைந்தால் ஒரு சுண்டு.

"மாமா! புரொபெசர் எட்டுச் சுண்டு எண்டு சொல்லுறார்! அரிசியெண்டால் எங்கள் எல்லாருக்கும் காணும்!"

கீழேயிருந்து ஐயாவின் சிரிப்பு வளைந்து வளைந்து மேலே வந்தது. அந்தச் சிரிப்பில் பெருமை இருந்ததை நான் கவனித்தேன். அதற்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லை. சிரித்தால் இருமல் வந்துவிடும்.

பதினொரு மணி தாண்டிவிட்டது. அக்காவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டு போக அத்தான் பன்னிரண்டுக்குப் புறப்பட வேண்டும். அடியில் ஊற்று மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து வாளி சேறு கிடக்குது என்று ஐயா கத்தினார்.

"தூளை இப்பவே கரைச்சு வைச்சால் என்ன? மாமா ஏறின கையோடை ஊத்தியிட்டு நான் போயிடுவன்" என்றார் அத்தான்.

இரண்டு கோடு போட்ட வரி என் நினைவில் இருந்தது. இருந்தும், ஊற்றுவது பிறகுதானே, கரைத்து வைப்பதில் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டிலுக்குப் போய்த் தகரத்தை எடுத்து வந்தேன். தகரம் பாரமாயிருந்ததை யோசிக்க அவகாசமில்லை. இலேசாகச் சுட்டது. வெயில் கூரை வழியே பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

மாமரத்தடிக்கு அப்பால் வேறொரு வாளியை வைத்தேன். தங்கச்சி விலகி நின்றாள். அம்மா குசினி அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டாள்.

"எட, குடிக்கிற கிணத்துக்கு விடுறதைக் கொண்டுபோய் நிலத்திலையே வைச்சிருக்கிறாய்? கோழி திரியிற இடத்திலை! எடுத்துக் கிணத்துக்கட்டிலை வை."

எங்கள் வீட்டில் குடிதண்ணீருக்குரிய எதுவும் நிலத்தில் படாது. வாளி கட்டின் மேல் இருக்கும், இல்லாவிட்டால் ஆணியில் தொங்கும். பிறந்த நாளிலிருந்து பழகிய பழக்கம். அம்மா சொன்னவுடன் என் கை தன்பாட்டில் வாளியைத் தூக்கிக் கிணற்றுக்கட்டில் வைத்தது. கொப்பியில் எழுதியிருந்ததற்கும் கை செய்ததற்கும் நடுவில் நான் யோசிக்கவே இல்லை. அதை எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

வாளியில் தண்ணீர் அரைவாசி இருந்தது. முதலாவது சுண்டு, இரண்டாவது சுண்டு. வெள்ளைத் தூள் மூக்கில் ஏறியது. பனைமட்டையால் கிண்டினேன். நான்காவது சுண்டில் நைந்துபோன கடதாசித் துண்டுகள் வந்தன. தகரத்தின் அடியில் விரித்த தாள் என்று நினைத்து, பொறுக்கி எறிந்தேன். ஐந்தாவது சுண்டில் தூளோடு சவ்வரிசி போல உருண்டை உருண்டையான மணிகள் கலந்து வந்தன. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. ஈரம் பட்டுக் கட்டிபட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் ஒழுங்கையில் ஏழு வயதுப் பிள்ளையிடம் அந்த மணியைக் காட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு யூரியா என்று சொல்லியிருக்கும். யூரியாவின் சூத்திரம் எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். கையில் பிடித்ததில்லை. உரம் போடும் நாட்களில் நான் தோட்டத்துப் பக்கம் வந்தால் ஐயா மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்து துரத்துவார். "போய்ப் படி. இது உன்ரை வேலையில்லை."

ஆறாவது சுண்டு விழுந்ததும் வாளி சீறியது.

முதலில் பால் பொங்குவது போலத்தான் இருந்தது. பிறகு நுரை விளிம்பைத் தாண்டி ஏறியது. வாளியைப் பிடித்த கை சுட்டது. மங்கலான மஞ்சள் புகை எழுந்து, மேலே போகாமல், வாளியின் பக்கங்களால் வழிந்து, கட்டின் மேல் பரவிக் கிணற்றுக்குள் இறங்கியது. தண்ணீர் இறங்குவதைப் போல இறங்கியது. என் கண்கள் எரிந்தன, தொண்டையை யாரோ பிடித்து முறுக்குவது போல இருந்தது. பதறிப்போய் வாளியை வெளிப்பக்கம் தள்ளினேன். அது சரிந்தபோது கால்வாசி உள்ளே விழுந்தது.

"ஐயா!" என்று தங்கச்சி கத்தினாள். வானத்தைப் பார்க்க விட்டிருந்த பிள்ளை. ஆபத்து மேலிருந்துதான் வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

கீழே இருமல் தொடங்கியது. ஒரு இருமலுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மூச்சு எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால் மங்கல் மஞ்சளாய் ஒரு மூட்டம், அதற்குள்ளே ஐயாவின் தலைத்துண்டு மட்டும். கொப்பியில் ஒரு காலத்தில் மனப்பாடம் செய்த வரி ஒன்று என் தலைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது: குளோரின் காற்றிலும் பாரமானது, காற்றிலும் பாரமானது.

"இஞ்சேருங்கோ! குந்துங்கோ! குந்தி முகத்தைப் பொத்துங்கோ!" அம்மா கிணற்றுக்கட்டில் விழுந்து அழுதாள்.

ஐயா குந்துவதற்கு முதுகை வளைத்தார். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"குந்தாதேங்கோ ஐயா! எழும்பி நில்லுங்கோ! அடியிலைதான் தேங்கும்! தலையைத் தூக்குங்கோ!"

"குந்துங்கோ எண்டு சொல்லுறன்!"

"நில்லுங்கோ ஐயா!"

கிணற்றில் இரண்டு குரலும் மோதின. ஐயா ஒரு கணம் பாதி வளைந்தபடியே இருந்தார். பிறகு சுவரைத் தடவிப் பிடித்து நிமிர்ந்தார். நாற்பது வருடம் தோட்டம் செய்த மனிதர், கட்டின மனைவி சொன்னதை விட்டுவிட்டு, ஒருநாளும் கிணற்றில் இறங்காத என் சொல்லைக் கேட்டார். அத்தான் சேற்று வாளியை அவிழ்த்து எறிந்துவிட்டுக் கயிற்றை வீசினார். ஐயா கண்ணைத் திறக்காமலே அதைக் கக்கத்துக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு நானும் அத்தானும் அம்மாவும் இழுத்தோம். கயிறு அறுந்தால், கப்பி கழன்றால், முடிச்சு அவிழ்ந்தால் என்று ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு பயம். நடுவில் அவருடைய இருமல் நின்றது. அந்த அமைதியை விட மோசமான ஒன்றை நான் அந்த வருடங்களில் கேட்டதில்லை. எத்தனையோ கேட்டிருக்கிறேன்.

கட்டுக்கு மேலே தலை வந்தபோது முகம் நீலம் பாரித்திருந்தது. காற்று வரும் பக்கம் இழுத்துப் போட்டோம். தங்கச்சி குடத்துத் தண்ணீரைக் கண்ணிலும் முகத்திலும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். மூச்சு ஒரு கீச்சிட்ட சத்தத்தோடு திரும்பி வந்தது. ஐயா திறந்திருந்த தகரத்தைப் பார்த்தார், பிறகு என்னை.

"அடிவரைக்கும்... அள்ளினனியோ?"

"ஓம் ஐயா."

"அடியிலை யூரியாவடா." என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஆரிட்டையும்... சொல்லிப்போடாதை."

அத்தானின் சைக்கிள் கரியரில் ஐயாவை இருத்தி, பின்னால் நான் முதுகைத் தாங்கிப் பிடித்தபடி ஓடினேன். அக்காவுக்கென்று கட்டிய சாப்பாடு குசினியிலேயே கிடந்துவிட்டது. வழி நெடுக எனக்கு இரண்டு பயம். ஒன்று அவருடைய மூச்சு நின்றுவிடுமோ என்பது. மற்றது, டாக்குத்தர் கேட்டால் என்ன சொல்வது என்பது.

கேட்டார். ஐயாவின் நெஞ்சில் குழாயை வைத்துக்கொண்டே, "என்ன தம்பி, தனிக் குளோரின் இப்பிடிச் செய்யாதே. என்னத்தைக் கலந்தனீர்?" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு சிற்றூழியர் நின்றார். ஐயாவின் விரல்கள் என் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. அவர் தலையை இல்லை என்று ஆட்டினார். நான் சொல்லாவிட்டால் தவறான மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்தேன். சொன்னால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்றும் நினைத்தேன்.

குனிந்து டாக்குத்தரின் காதுக்குள் சொன்னேன். அவருடைய முகம் மாறவில்லை. "பிளீச்சிங் பவுடர்" என்று மட்டும் சீட்டில் எழுதினார். "ஒட்சிசன் சிலிண்டர் ஒண்டுதான் கிடக்கு. பாதி நாள் இவருக்கு, பாதி நாள் மற்றவைக்கு. அதுக்குள்ளை தேறோணும்" என்றார்.

மூன்றாம் நாள் ஐயாவுக்குக் குரல் வந்தது. கரகரத்த குரல். ஏன் எனக்கு மட்டுமாவது சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்குப் பொய் சொல்ல வராது. ஆரும் கேட்டால் உன்ரை முகமே காட்டிக் குடுத்திடும்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "தெரியாட்டில் நீ தப்பிடுவாய் எண்டு நினைச்சன்."

அதே நாள், வியாழக்கிழமை, சொன்னபடி சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நான் உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்திருந்த நேரம். வாசற் படலையில் சைக்கிள் மணி கேட்டபோது அம்மா ஓடிப்போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள். மூன்று நாளும் எந்த மணி கேட்டாலும் அப்படித்தான். அவர் கிணற்றுக்கட்டில் வெளுத்துப் போயிருந்த இடத்தைப் பார்த்தார். தகரத்துக்குள் ஒரு மணியை விரலால் நசுக்கிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் சுடுகிறது.

"கொப்பியிலை எழுதினனீர் தானே?"

"ஓம் ஐயா."

"வாசிச்சனீர் தானே?"

அவர் தகரத்தை, மூடினால் வெடிக்கலாம் என்று, திறந்தபடியே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னாலுள்ள வெறும் வளவில் தூரமாக வைத்தார். எங்களைக் கிட்ட வர விடவில்லை. கிணற்றை மறுபடி முழுதாக இறைக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அவரே வேறு தூள் கொண்டுவந்தார். அன்று கிணற்றுக்குள் ஒருவரும் இல்லை என்று மூன்று தரம் எட்டிப் பார்த்த பிறகே பொட்டலத்தைத் திறந்தேன். வாளி நிலத்தில் இருந்தது. அம்மா பார்த்தாள், கோழியை அப்பால் துரத்தினாள்.

யாரும் தேடி வரவில்லை. வராமலே எங்களைப் பல மாதம் பயப்படுத்தினார்கள். குழந்தை சுகமாகி வந்தது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் குடித்து, துப்பி, சிரித்தது. ஐயா இரண்டு மாதம் தோட்டத்துக்கு இறங்கவில்லை. நான் இறங்கினேன். இந்தத் தரம் அவர் மண்ணாங்கட்டி எறியவில்லை, எறிய மூச்சும் இல்லை. உரமில்லாத வெங்காயம் புளியங்கொட்டை அளவில் விளைந்தது. சுன்னாகம் சந்தையில் வியாபாரி அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன, விதைக்கோ கொண்டந்தனியள்?" என்று கேட்டான்.

அன்று பின்னேரம் ஐயா கொப்பியை எடுத்து வரச் சொன்னார். கிணற்றின் கனவளவு போட்ட அதே பக்கம்.

"எழுது. இந்தக் கிணத்தாலை எங்களுக்குப் போனது. இரண்டு தரம் மண்ணெண்ணெய். ஆஸ்பத்திரியிலை இல்லாமல் வெளியிலை வாங்கின மருந்து. அதுக்கு வித்த மறியாட்டின்ரை விலையை எழுது. வெங்காயத்திலை போனதை எழுது."

எழுதினேன். "யூரியா ஐயா?"

"அதை எழுதாதை."

"அப்ப கணக்குப் பிழைக்குமே."

"பிழைக்கட்டும். கொப்பி ஆரின்ரை கையிலை போகுமெண்டு தெரியுமே உனக்கு?" இருமினார். இருமி முடியும்வரை காத்திருந்தேன். "கூட்டிச் சொல்லு."

கூட்டினேன். பிழை வந்துவிடுமோ என்று இன்னொரு தரமும் கூட்டினேன். இரண்டு தரமும் ஒன்றுதான்: ஏழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.